பெரிய சனிக்கிழமை தேய்த்த ஓடுகள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. எல்லாருக்கும் பாய் போதும். கையில் வேலை இருந்தால் அது பாட்டுக்கு நடக்கட்டும், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் சரி. சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, நாலு வீட்டுச் சோற்றையே தேய்த்துக் கழுவி ஊற்றிவிட்ட ஒரு பொம்பளையின் கதையைச் சொல்கிறேன். அவளைத் திட்டவேண்டும் என்று நாக்கு துடிக்கும். கதை முடிகிறவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூரில் கடலுக்கு இந்தப் பக்கம் உப்பங்கழி கிடக்கிறது அல்லவா, அதன் கரையில் நாலு வீடு. நாலும் ஆளி எடுத்துப் பிழைத்த வீடுகள். ஆளி என்பது கல்லில் ஒட்டி வளர்கிற சிப்பி. வெளியே பார்த்தால் உடைந்த சட்டித் துண்டு மாதிரி கோணலும் மாணலுமாக, சேறு அப்பிக்கொண்டு, தொட்டால் கையைக் கிழிக்கும். திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி சதை. வெங்காயமும் மிளகும் போட்டுச் சுண்ட வறுத்தால் அந்த வாசனைக்கு எதிர்க்கரைக்காரன் எழுந்து வருவான்.

நீர் வற்றுகிற வேளையில் ஆண்கள் காலில் கோணி சுற்றிக்கொண்டு கழியில் இறங்குவார்கள். இடுப்பளவு தண்ணீரில் காலாலேயே தடவிப் பார்த்து, பாறை தட்டுப்பட்டால் மூச்சடக்கிக் குனிந்து உளியால் தட்டிப் பெயர்ப்பார்கள். கரையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மொட்டைக் கத்தியால் ஆளியின் வாயைத் திறந்து சதையைத் தகர டின்னில் வழிப்பார்கள். டின் காலை ரயிலில் பட்டணத்து ஓட்டல்களுக்குப் போகும். ஓடு வண்டியேறிச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். எதுவும் வீண் இல்லை என்று எல்லாரும் பெருமைப்பட்டுக் கொண்டார்கள்.

பெருமைப்பட்ட அந்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது. சண்டைக் காலத்தில் பட்டணம் முழுக்கப் பட்டாளம் வந்து இறங்கியது. பெரிய ஆளி சிறிய ஆளி என்று பார்க்காமல் வாரிக் கொடுத்தார்கள். சண்டை முடிந்தது, வீடு கட்டுகிறவர்கள் கிளம்பினார்கள், சுண்ணாம்புக்குக் கிராக்கி வந்தது. கரையில் குவித்திருந்த ஓடுகளோடு கழியின் அடியில் கிடந்த பழைய ஓடுகளையும் சுரண்டி ஏற்றினார்கள். அதோடு இரண்டு கோடை முகத்துவாரம் மணல் அடைத்துக் கடல் தண்ணீர் உள்ளே வராமல் போயிற்று. முந்தி ஒரு முழுக்கில் பத்துப் பதினைந்து வந்த இடத்தில் ஒன்று இரண்டு வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அந்த நாலு வீட்டில் ஒன்று ஜேக்கப்பின் வீடு. அவன் பெண்டாட்டி ரோஸ்மேரி. ராயபுரத்துக்காரி, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். கோயில் விளக்குகளைத் தேய்த்து வளர்ந்த கை. அவள் தேய்க்க உட்கார்ந்தால் எழுப்ப முடியாது. கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பித்தளைக் குடத்தைத் தேய்த்துத் தேய்த்து, அதில் வெட்டியிருந்த அவள் பெயரையே அழித்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு இருதயம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் ஐம்பது தாண்டியவள், புருஷனும் இல்லை பிள்ளையும் இல்லை. ஆளி வாய் திறக்கிற கத்தி ஒன்றுதான் அவளுக்குச் சோறு போட்டது. மற்ற இரண்டு வீடு லூயிஸுடையதும் குணசேகரனுடையதும்.

அந்த வருஷம் மாசி மாதம் காளவாய் மேஸ்திரி வெள்ளத்துரை ஒரு மனு எழுதிப் போட்டார். கழியின் அடியில் ஆளி விளைகிற படுகை செத்துவிட்டது, இனி ஆளி வராது, அடியில் புதைந்திருக்கிற ஓட்டையெல்லாம் தோண்டி எடுத்துக்கொள்ள உத்தரவு வேண்டும் என்று. கெட்டவர் இல்லை அவர். காளவாயில் நாற்பது பேர் வேலை செய்தார்கள், ஓடு வராமல் பாதி நாள் அடுப்பு அணைந்து கிடந்தது. ஆனால் தோண்டிவிட்டால் படுகை படுகையாக இருக்காது, வெறும் சேற்றுக் குழி.

விசாரிக்க மீன் இலாகாவிலிருந்து செல்வநாதன் என்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். தூத்துக்குடிக்காரர், முத்துச் சிப்பி பார்த்து வளர்ந்தவர். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தானே கழியில் இறங்கி, அடிச்சேற்றைக் கையால் அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு கரையேறி நாலு வீட்டாரையும் வெள்ளத்துரையையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"செத்துட்டுன்னு நான் இப்ப எழுத மாட்டேன். அங்கன இங்கன நாலு தாய் ஆளி நிக்கி. பங்குனியில அது விதை விடும். விதை தண்ணியில மெதந்து ஒட்டுததுக்கு எடம் தேடும். நீங்க ஓட்டையெல்லாம் அள்ளிக் குடுத்துட்டீங்க. பாவம், அது எங்க போயி ஒட்டும்?"

அதனால் அவர் ஒரு வழி சொன்னார். கூரைக்குப் போடுகிற நாட்டு ஓடு அறுபது வாங்கி, சுண்ணாம்பு பூசிக் காயவைத்து, மூங்கில் தட்டியில் அடுக்கிக் கழி நடுவே இறக்கவேண்டும். விதை இருந்தால் அதில் ஒட்டும். ஆண்டவர் உயிர்த்த பாஸ்கா ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை வந்து பார்ப்பார். ஒட்டியிருந்தால் படுகை உயிரோடு இருக்கிறது, தோண்டக்கூடாது என்று எழுதுவார். ஒன்றும் இல்லையென்றால் வெள்ளத்துரையின் மனுவில் கையெழுத்து.

போகும்போது ரோஸ்மேரியைப் பார்த்து, சுண்ணாம்பை நன்றாகப் பூசம்மா, ஓடு சுத்தமாக இருக்கவேண்டும், சேறு படிந்த ஓட்டில் விதை ஒட்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வார்த்தையைத்தான் அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

ரோஸ்மேரி ஓடுகளுக்கு இரண்டு பூச்சு பூசினாள். ஜேக்கப்பும் லூயிஸும் தட்டியை இறக்கினார்கள். அப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலமானதால் கறி மீன் இல்லாத குறை வெளியே தெரியவில்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் முருங்கைக் கீரை, ராத்திரி இருந்தால் உண்டு. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. ஆண்கள் ராயபுரம் போய்த் துறைமுகத்தில் கூலிக்கு நின்றார்கள். கப்பல் வந்த நாளில் வேலை, வராத நாளில் நடந்த கால்வலிதான் மிச்சம்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை முடிந்து வந்த ஜேக்கப், தட்டியைத் தோணியில் கட்டி இழுத்துவந்து தன் வீட்டு இறக்கத்தில் முழங்கால் தண்ணீரில் வைத்தான். இன்ஸ்பெக்டர் வந்தால் கரையிலிருந்தே பார்க்கலாம் என்று. ஒரு ஓட்டைத் தூக்கிப் பார்த்தான். பச்சைப் பாசியும் சேறும் பொடிப் பொடியாக ஏதோ மணலும்தான் தெரிந்தது. ஆளி என்றால் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்தே பழகிய கண் அது. ஒன்றும் விழவில்லை போலிருக்கிறது என்று அவன் மனசு விட்டுப் போயிற்று. அதை ரோஸ்மேரியிடம் சொல்லவும் மனம் வரவில்லை. மறுநாள் விடியுமுன்னே கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

பெரிய சனிக்கிழமை. அந்தப் பக்கத்து வேதக்கார வீடுகளில் அன்றைக்கு மூலை முடுக்கெல்லாம் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பாத்திரம் பண்டமெல்லாம் சாம்பல் போட்டுத் துலக்குவார்கள். ஆண்டவர் உயிர்த்து வருகிற வீட்டில் அழுக்கு இருக்கலாமா? ரோஸ்மேரி சுவர் அடித்து முடித்தாள், பாத்திரம் முடித்தாள், கதவைக்கூடத் தேய்த்தாள். நிமிர்ந்து பார்த்தால் இறக்கத்தில் அறுபது ஓடும் பாசி பிடித்துக் கிடக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு வந்த இருதயம்மாள் நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாடி மேரி, வூட்டப் பளபளன்னு வச்சிகினு வாசல்ல இத்தக் கலீஜா போட்டுக்கீற? அதிகாரி வந்து பாத்தா காறித் துப்பமாட்டாரு?"

அவ்வளவுதான். ரோஸ்மேரிக்கு இன்ஸ்பெக்டரின் வார்த்தை நினைவுக்கு வந்தது. சேறு படிந்தால் விதை ஒட்டாது. ஓட்டில் பாசியும் சேறும்தான் தெரிகிறது, அதனால்தான் ஒன்றும் ஒட்டவில்லை, பாவி மனுஷன் அழுக்காகவே விட்டுவைத்திருக்கிறான். இன்றைக்குச் சுத்தம் பண்ணி இறக்கினால் திங்கட்கிழமைக்குள் நாலு விதையாவது ஒட்டாதா? சாம்பல் தீர்ந்துபோயிருந்ததால் இருதயம்மாளின் அடுப்பிலிருந்து ஒரு முறம் சாம்பல் வாங்கிக்கொண்டாள். தேங்காய் நாரும் மணலும் சேர்த்துக்கொண்டாள். உச்சி வெயிலிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும் அறுபது ஓட்டையும் தேய்த்தாள். விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் கிள்ளினாள், அதுவும் போகாததை ஓட்டாஞ்சில்லால் சுரண்டினாள். சுவருக்கு அடித்து மீந்த சுண்ணாம்பை எடுத்து மறுபடியும் ஒரு பூச்சு. கழுநீரை முருங்கை மரத்தடியில் கொட்டினாள். அன்றைக்கு ராத்திரிப் பாஸ்கா பூசையில் அவளைப்போல் நிம்மதியாக முழங்காலில் நின்றவள் கோயிலில் வேறு யாரும் இல்லை.

ஞாயிறு மத்தியானம் ஜேக்கப் வந்தான். கையில் மந்தார இலையில் கட்டிய அரை சேர் ஆட்டுக்கறி. நாற்பது நாள் கழித்து வீட்டுக்குள் வருகிற கறி. ரோஸ்மேரி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். சாறு விரலில் பட்டதும் ஸ்ஸ் என்று கையை உதறினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். பத்து விரல் நுனியிலும் பொடிப் பொடியாகக் கீறல்.

"கையில இன்னா?"

"ஒண்ணியும் இல்ல. ஓடு கிழிச்சிடிச்சி."

"மண்ணு ஓடு எப்டி கிழிக்கும்?"

"மேலல்லாம் இன்னாவோ பரபரன்னு ஒட்டிகினு இருந்திச்சியா. தொவரம் பருப்பு சைசுல, நகம் மாதிரி மெல்லிசா. பிளேடு கணக்கா கீறுது, வுடவே மாட்டேன்னிச்சி. சாம்பல் போட்டு அழுத்தித் தேச்சி அல்லாத்தியும் எடுத்துட்டேன். போய்ப் பாரு, எப்டி கீதுன்னு."

ஜேக்கப் போய்ப் பார்க்கவில்லை. அவள் கையை விடாமல் அப்படியே தரையில் குந்தினான்.

"எத்தினி ஓட்டுல இருந்திச்சி?"

"அறுவதுலயுந்தான்."

அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். பிறகு, "அதாண்டி ஆளிக்குஞ்சு" என்றான். "அறுவதுலயும் பொறந்து கீது. படுகை சாவல மேரி."

சந்தோஷச் செய்தியும் துக்கச் செய்தியும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தால் கேட்கிறவள் என்ன செய்வாள்? அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கண்ணில் வழிந்தது வெங்காயத்துக்கா வேறெதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜேக்கப் திட்டவில்லை. நானும்தான் கண்ணால் பார்த்துவிட்டு மணல் என்று போனேன், நீயாவது தொட்டுப் பார்த்தாய் என்றான்.

விஷயம் தெரிந்து லூயிஸும் குணசேகரனும் ஓடிவந்தார்கள். குணசேகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். லூயிஸ்தான் யோசனைக்காரன். முருங்கை அடியில் அந்தக் குஞ்சுகள் கிடக்குமே, பொறுக்கி மைதாப் பசை காய்ச்சி ஓட்டில் திரும்ப ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எந்தக் கடையில் மைதா கிடைக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தான்.

ரோஸ்மேரி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "பசையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். தேச்சது நானு. அவராண்ட நானே சொல்றேன். பொறுக்குறதுக்கு மட்டும் கை குடுங்க."

மாவு சல்லடையை எடுத்துவந்தாள். முருங்கை அடிச் சேற்றைத் தகரத்தால் வாரிவாரிச் சல்லடையில் போட்டுக் கழித் தண்ணீரில் அலசினார்கள். பாஸ்கா நாளும் அதுவுமாகப் புதுச்சேலையோடு சேறு அலசுகிற கூத்தைப் பார்க்க இருதயம்மாள் வந்தாள். என்ன என்று கேட்டாள், சொன்னார்கள். அவள் வாய்க்கு அன்றைக்குத்தான் ஓய்வு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோஸ்மேரி பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அலச ஆரம்பித்தாள். வெகு நேரம் கழித்து, சாம்பல் கொடுத்தவள் நான்தானே என்று முணுமுணுத்தாள். பொழுது இறங்குவதற்குள் ஒரு தாம்பாளம் நிறையக் குஞ்சு ஓடு சேர்ந்துவிட்டது. எல்லாம் செத்தவை. வெயிலில் மீன் செதிள் மாதிரி மினுங்கின. அடுப்பில் கறி தீய்ந்து போயிருந்தது, அதையும் சுரண்டித் தின்றார்கள்.

திங்கட்கிழமை காலை செல்வநாதன் வந்தார். பின்னாலேயே சைக்கிளில் வெள்ளத்துரை. இறக்கத்தில் அறுபது ஓடும் கோயிலில் வெள்ளை உடுத்தி முதல் நற்கருணைக்கு நிற்கிற பெண்பிள்ளைகள் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றன. இன்ஸ்பெக்டர் ஒன்றைத் தூக்கினார், புரட்டினார், அடுத்ததைத் தூக்கினார். அவர் முகம் தொங்கிப்போயிற்று. வெள்ளத்துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு பைக்குள்ளிருந்து மனுவை எடுத்தார்.

ரோஸ்மேரி தாம்பாளத்தோடு முன்னால் வந்தாள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"சார், ஓட்டுல இருந்திச்சி. நாந்தான் அழுக்குன்னு நெனச்சி தேச்சிட்டேன். இவுரு ஊர்ல இல்ல, இவுருக்குத் தெரியாது. இன்னா எழுதறதா இருந்தாலும் என் பேர்ல எழுதிக்கங்க."

வெள்ளத்துரை தாம்பாளத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இந்த மாதிரி சிப்பித்தூளு எங்க காளவாய்ல மூட்ட மூட்டயா கீது சார். இத்தக் காட்டி ஏமாத்தப் பாக்கறாங்கோ."

செல்வநாதன் பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு குஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. பத்துப் பதினைந்து பார்த்தார். பிறகு வெள்ளத்துரையைக் கூப்பிட்டுக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார்.

"அடிப்பக்கம் பாரும். சுண்ணாம்புப் பொருக்கோட பேந்து வந்திருக்கு. கல்லுல வளந்த உம்ம காளவாய் ஓட்டுக்கு அடியில சுண்ணாம்புப் பூச்சு எங்கன இருந்து வரும்?"

வெள்ளத்துரை பார்த்தார். சுண்ணாம்பிலேயே வாழ்கிற மனுஷர், அவருக்கா அடையாளம் தெரியாது? கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். எங்கள் ஆட்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள் சார் என்று மட்டும் கேட்டார். கழியில் வந்து விழுகிற ஆற்றின் மேல்பக்கத்தில் புதைந்து கிடக்கிற பழைய ஓட்டுத் திட்டைக் காட்டித் தருவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார்.

பிறகு ரோஸ்மேரியின் கையைப் பார்த்தார். "ஓடு சுத்தமா இருக்கணும்னு நான் சொன்னது எறக்குத அன்னைக்கும்மா. அதுக்கப்புறம் தொடாதீயன்னு சொல்லாமப் போனது என் தப்பு. புரட்டாசியில இன்னொரு தடவை விதை விடும். ஓட்டை அப்ப எறக்குவோம்."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அவர் உட்காரவில்லை. அடுத்ததைச் சொல்லத் தயங்குகிறார் என்பது அவர் தொப்பியைச் சுற்றுகிற விதத்திலேயே தெரிந்தது. படுகை பிழைத்தது நிஜம், ஆனால் பச்சை உடம்பு. இரண்டு வருஷம் ஒரு உளிகூட இறங்கக்கூடாது. இருக்கிற தாய் ஆளி ஒன்றைக்கூட எடுக்கக்கூடாது. திறந்த பிறகும் மூன்று அங்குலத்துக்குக் கீழே இருப்பதைத் தண்ணீரிலேயே விடவேண்டும், தின்ற ஓட்டில் பாதியைக் கழிக்கே திருப்பிப் போடவேண்டும். நாலு வீடும் சம்மதித்தால்தான் எழுதுவார். ஒரு வீடு முடியாது என்றாலும் கட்டளை நிற்காது, திருட்டுத்தனமாக ஆள் இறங்கும், படுகை போய்விடும்.

ஜேக்கப் சரி என்றான். லூயிஸும் குணசேகரனும் துறைமுகத்தில் கூலிக்கு நிற்கிறோம் என்றார்கள். எல்லாரும் இருதயம்மாளைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆம்பளைங்களுக்கு ஆர்பர்ல கூலி வேலை கீது" என்றாள். "எனக்கு இன்னா கீது? கத்திதான் கீது. ரெண்டு வர்சம் கத்திய நக்கிகினா குந்தியிருக்க? என்னால ஆவாது சார். எழுதிக்கங்க, இருதயம்மாளால ஆவாதுன்னு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. ரோஸ்மேரி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக இருதயம்மாளின் வீட்டுக்குள் போனாள். போனவள் அவளுடைய உலைப்பானையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லார் முன்னாலும் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எம் பானைய இன்னாத்துக்குடி தூக்கிகினு போற?"

"இனிமே உனக்கு உலை எங்க அடுப்புலக்கா. இருக்கற அன்னிக்கு சோறு, இல்லாத அன்னிக்குக் கூழு. ரெண்டு வர்சத்துக்கு உன் வாய் மட்டும் இங்க வந்தா போதும்."

"எம் பானையத் தேச்சி ஓட்டை போட்டுடுவ நீ."

"போட்டா புதுசு வாங்கித் தரேன்."

இருதயம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, என்ன சார் நிற்கிறீர்கள், எழுதுங்கள், வெயில் ஏறுகிறது என்றாள்.

அவர் எழுதினார்.

அந்த இரண்டு வருஷம் லேசாகப் போகவில்லை கண்ணுகளா. கப்பல் வராத வாரங்கள் இருந்தன. ஐப்பசி மழையில் லூயிஸ் வீட்டுக் கூரை போயிற்று. இருதயம்மாளுக்குக் கூழில் உப்பு கூட வேண்டும், ரோஸ்மேரிக்குக் குறைச்சலாக வேண்டும், அதற்கே தினம் ஒரு சண்டை. புரட்டாசியில் ஓடு இறக்கினபோது ரோஸ்மேரி கரையில் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். பாசி படரப் படர அவளுக்கு உள்ளங்கை அரித்தது. தொடவில்லை. மூன்றாம் வருஷம் பங்குனியில் படுகை திறந்தது. ஜேக்கப் ஒரே முழுக்கில் எட்டு ஆளி கொண்டுவந்தான், அளந்து பார்த்து மூன்றைத் திருப்பி விட்டான்.

இருதயம்மாள் கத்தியைத் தீட்டிக்கொண்டு மறுபடியும் வேலைக்கு உட்கார்ந்தாள். ஆனால் பானையைத் திருப்பிக் கேட்கவே இல்லை. கொண்டுபோ அக்கா என்று ரோஸ்மேரியும் சொல்லவில்லை. கண் மூடுகிறவரைக்கும் அவளுக்கு உலை கொதித்தது அந்த அடுப்பில்தான், சண்டை நடந்ததும் அங்கேதான்.

நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். பானையில் உங்கள் தலைகளை எண்ணிப் போட்ட அரிசியோடு இன்னொருத்தருக்கும் ஒரு பிடி விழட்டும். அந்த இன்னொருத்தர் வந்து உப்பு போதவில்லை என்று குறை சொல்லட்டும், அதைக் கேட்டு உங்கள் வீடு சிரிக்கட்டும்.